உழவர் பயிற்சி வயல்வரை போனதா? கைப்பேசி கொண்டு கண்காணிக்கும் முறை

உழவர் பயிற்சித் திட்டங்களில் பெரும்பாலும் அளக்கப்படுவது தலைக்கணக்குதான். எத்தனை அமர்வு, எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை, கடைசியில் ஒரு குழுப்படம். காகிதத்தில் எழுதியதையே ஆப்பில் ஏற்றினால் இந்தக் கணக்கு சீக்கிரம் வந்து சேரும், அவ்வளவே. சொல்லிக்கொடுத்தது வயலில் இறங்கியதா என்பது தெரியாது. அது தெரிய வேண்டுமானால் ஒரே உழவரைப் பதிவு நாளிலிருந்து அறுவடைவரை ஒரே எண்ணில் தொடர வேண்டும். படிவம், கைப்பேசி, சர்வர் எல்லாம் அந்த ஒரு வேலைக்காகத்தான். ஒரு பருவத்தில் சில நூறு முதல் சில ஆயிரம் உழவர்களுக்குப் பயிற்சி நடத்துபவர்களை மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது.

நான்கு படிவம் போதும்

பயிற்சியை மதிப்பிட டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் எழுதிய கட்டுரைகளில் நான்கு படிகளை வைத்தார்: வந்தவருக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டாரா, கற்றதைச் செய்தாரா, செய்ததால் பலன் வந்ததா. உழவர் பயிற்சிக்கு இதில் மூன்றாவதுதான் உயிர். முதலாவது கிட்டத்தட்ட வீண். “பயிற்சி எப்படி இருந்தது?” என்று பயிற்சி கொடுத்தவரே கேட்டால் யாரும் முகத்துக்கு நேராக மோசம் என்று சொல்வதில்லை. அதற்குப் பதிலாக “இன்று எது புரியவில்லை?”, “இந்த நேரம் ஒத்துவருகிறதா?” என்று இரண்டே கேள்வி வையுங்கள். இவற்றுக்கு உருப்படியான பதில் வரும்.

தேவைப்படும் படிவங்கள்: ஒருவருக்கு ஒரே முறை நிரப்பும் பதிவுப் படிவம், ஒவ்வொரு அமர்வுக்கும் ஓர் அமர்வுப் படிவம், முன்னும் பின்னும் வைக்கும் அறிவுச் சோதனை, பயிர் நிற்கும்போது நிரப்பும் வயல் பார்வைப் படிவம். ஐந்தாவதாக ஒன்று வேண்டும் என்று யாராவது கேட்டால், அதில் உள்ளவை ஏற்கெனவே இந்த நான்கில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

ஒவ்வொரு கேள்வியையும் ஒரு சல்லடையில் போடுங்கள்: “இதற்குப் பாதிப் பேர் ‘இல்லை’ என்று சொன்னால் அடுத்த மாதம் எதை மாற்றுவோம்?” யாரிடமும் பதில் இல்லையென்றால் அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள். பதிவுப் படிவம் 15 கேள்விக்குள், வயல் பார்வை 25 கேள்விக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால் களப்பணியாளர் பாதியை ஊகித்து நிரப்புவார். நீளமான படிவம் கிட்டத்தட்ட அப்படித்தான் செய்யத் தூண்டுகிறது.

அடையாள எண்: இதில் தவறினால் மற்றது எதுவும் நிற்காது

பெயரை வைத்து ஆளைத் தொடர முடியாது. ஒரே பெயர் மூன்று விதமாக எழுதப்படும். ஒரு நாள் முழுப்பெயர், மறுநாள் கூப்பிடும் பெயர். கைப்பேசி எண்ணும் உதவாது. ஒரு வீட்டில் கணவன், மனைவி, மகன் மூவருக்கும் ஒரே எண்ணாக இருக்கும், ஆறு மாதத்தில் அதுவும் மாறும். ஆகவே பதிவு நாளிலேயே திட்டத்துக்கென்று ஓர் எண் கொடுங்கள்.

எண்ணைக் கட்டும் முறை எளிது. ஊருக்கு இரண்டு இலக்கம், அந்த ஊரில் உழவரின் வரிசைக்கு மூன்று இலக்கம், கடைசியில் சரிபார்ப்புக்கு இரண்டு இலக்கம். முதல் ஐந்து இலக்கத்தை 97-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் சரிபார்ப்பு எண். 12-ஆவது ஊரின் 45-ஆவது உழவர் என்றால் 12045. இதை 97-ஆல் வகுத்தால் மீதி 17. முழு எண் 12045-17. களத்தில் யாராவது இலக்கம் மாற்றி 12054-17 என்று அடித்தால், 12054-இன் மீதி 26. பொருந்தாது, படிவம் அங்கேயே நிறுத்திவிடும். 97 பகா எண். அதனால் ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கம் இடம் மாறினாலும் இந்த முறை தவறாமல் பிடிக்கும். மீதி ஓரிலக்கமாக வந்தால் முன்னால் சுழியம் சேர்த்து எழுதுங்கள்.

இந்த எண்ணைக் கியூஆர் குறியாக ஓர் அட்டையில் அச்சிட்டு உழவரிடம் கொடுத்தால் அமர்வுக்கு வரும்போது ஸ்கேன் செய்துகொள்ளலாம். அட்டையில் எண்ணைப் படிக்கும்படியும் அச்சிடுங்கள். குறி நனைந்து அழியும், கேமரா கண்ணாடியில் கீறல் விழும்; அப்போது கையால் அடிக்க வேண்டியிருக்கும். அட்டையை மறந்துவிட்டு வருபவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்காக ஊர்வாரியான பெயர்ப் பட்டியலைப் படிவத்தோடு சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாக இணைத்துவிட்டால், ஊரைத் தேர்ந்தெடுத்ததும் அந்த ஊர்ப் பெயர்கள் மட்டும் வரும்.

எந்த ஆப்

ஊரில் சிக்னல் இருக்குமா என்பதை முதலில் பாருங்கள். கூகுள் ஃபார்ம்ஸ் இலவசம், செய்வது சுலபம். ஆனால் நெட் இல்லாமல் ஓடாது, படம் ஏற்றவும் கூகுள் கணக்கில் நுழைய வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் படம் போடச் சொல்வது தகவல் பரிமாற்றத்துக்கு நல்லது, சான்றுக்கு உதவாது. வழக்கமான முறையில் அனுப்பும் படத்திலிருந்து எடுத்த இடமும் நேரமும் கழன்றுவிடும். யாரும் பழைய படத்தை மறுபடி அனுப்பலாம்.

களத் தரவுக்கென்றே செய்யப்பட்டவை ஓடிகே, கோபோ டூல்பாக்ஸ் போன்றவை. ஓடிகே 2008-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. கோபோவின் ஆண்ட்ராய்டு ஆப் அதன் வழிவந்ததுதான். இரண்டிலும் படிவத்தை ஒரு முறை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலே நிரப்பலாம், சிக்னல் கிடைக்கும்போது அனுப்பலாம். இரண்டுக்கும் ஒரே வகை எக்செல் கோப்பில் படிவம் எழுதலாம். பின்னால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினாலும் உழைப்பில் பெரும்பகுதி வீணாகாது. புதிதாக ஆப் எழுதித் தருகிறோம் என்று வருபவர்களிடம் கொஞ்சம் தயங்குங்கள். எழுதி முடிப்பதைவிட, மூன்று வருடம் பழுது பார்ப்பதுதான் செலவு.

படிவம் எழுதும்போது

எக்செல் கோப்பில் மூன்று தாள் இருக்கும். சர்வே என்ற தாளில் கேள்விகள், சாய்சஸ் என்ற தாளில் தேர்வுப் பதில்கள், செட்டிங்ஸ் என்ற தாளில் படிவத்தின் பெயரும் பதிப்பு எண்ணும். கேள்வியைத் தமிழில் எழுதுங்கள். தேர்வுப் பதில்களுக்குப் பின்னால் இருக்கும் குறியீட்டுப் பெயரை மட்டும் ஒரு முறை முடிவு செய்தபின் மாற்றவே மாற்றாதீர்கள். பருவத்தின் நடுவில் “சொட்டுநீர்” என்ற பதிலின் குறியீட்டை மாற்றினால், முன்பாதித் தரவும் பின்பாதித் தரவும் இரண்டு வேறு பதில்களாக நிற்கும். படிவத்தைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் பதிப்பு எண்ணையும் ஏற்றுங்கள். பழைய எண்ணிலேயே திருத்தத்தை ஏற்றப் பார்த்தால் ஓடிகே சர்வர் ஏற்காது.

எண் கேட்கும் இடமெல்லாம் எல்லை வையுங்கள். வயது 15 முதல் 100, ஓர் அமர்வில் வந்தவர்கள் 1 முதல் 80 என்பது போல. எல்லை மீறினால் வரும் செய்தியில் “தவறு” என்று மட்டும் போடாமல், “பரப்பை ஹெக்டேரில் எழுதவும், சதுர மீட்டரில் அல்ல” என்று காரணத்தோடு எழுதுங்கள். “தெரியாது”, “சொல்ல விருப்பமில்லை” என்ற பதில்களைத் தனியாகக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் களப்பணியாளர் 0 அல்லது 99 என்று போட்டுவிடுவார், பிறகு சராசரி கெட்டுப்போகும்.

படக் கேள்வியில் இரண்டு அமைப்பு கட்டாயம். ஒன்று, கேலரியிலிருந்து எடுக்க விடாமல் அப்போதே கேமராவில் எடுக்கச் செய்வது. இரண்டு, படத்தின் நீளப் பக்கத்தை 1024 பிக்சலுக்குள் சுருக்குவது. சாதாரண கைப்பேசிப் படம் 3 முதல் 5 எம்பி இருக்கும். சுருக்கினால் சில நூறு கேபிக்கு வந்துவிடும். ஒரு களப்பணியாளர் வாரத்துக்கு 60 படம் எடுக்கிறார் என்றால் இது 240 எம்பிக்கும் 20 எம்பிக்கும் உள்ள வித்தியாசம். பலவீனமான சிக்னலில் முதலாவது போய்ச் சேரவே சேராது.

இடக்குறிப்புக் கேள்வியில் துல்லியம் 5 மீட்டருக்குள் வந்ததும் தானே பதிவாகும்படி ஓடிகே ஆப்பில் முன்னிருப்பாகவே இருக்கிறது. மரத்தடியிலும் தகரக் கொட்டகைக்குள்ளும் அந்தத் துல்லியம் வராது. திறந்த வெளிக்கு வந்து நிற்கச் சொல்லுங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு நெட் தேவையில்லை. ஆனால் நெட் இல்லாத இடத்தில் கைப்பேசியை வெகுநாள் கழித்து எழுப்பினால் முதல் குறிப்புக்குச் சில நிமிடம் பிடிக்கும். “ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை” என்று வரும் புகார்களில் பாதி இதுதான்.

ஆடிட் என்ற ஒரு வரியைச் சர்வே தாளில் சேர்த்தால், ஒவ்வொரு கேள்வியிலும் எத்தனை விநாடி நின்றார்கள் என்று பின்னணியில் பதிவாகும். இதைக் களப்பணியாளரிடம் மறைக்காதீர்கள். பதிவாகிறது என்று தெரிந்தாலே வேலை திருந்தும்.

கைப்பேசியைத் தயார் செய்தல்

பயிற்சியாளர்களின் சொந்தக் கைப்பேசியே போதும், ஆனால் புறப்படும் முன் சில சோதனைகள் உண்டு. நாளும் நேரமும் தானாக அமையும்படி இருக்கிறதா. கையால் மாற்றியிருந்தால் அமர்வு 2 வருடத்துக்கு முன் நடந்ததாகப் பதிவாகும். சேமிப்பில் குறைந்தது 1 ஜிபி காலியாக இருக்கிறதா. ஆப்புக்குக் கேமரா, இடம் இரண்டுக்கும் அனுமதி கொடுத்தாயிற்றா. பேட்டரி சேமிப்பு முறை அணைந்திருக்கிறதா. அது பின்னணியில் அனுப்புவதை நிறுத்திவிடும். 10,000 எம்ஏஎச் என்று போட்டிருக்கும் பவர் பேங்க்கில் உண்மையில் கைக்கு வருவது 60 முதல் 65 விழுக்காடுதான், அந்தக் கணக்கில் திட்டமிடுங்கள்.

எல்லோருக்கும் தலையில் ஆணி அடித்தாற்போல் சொல்ல வேண்டியது ஒன்று: அனுப்பாத படிவங்கள் கைப்பேசிக்குள்தான் இருக்கின்றன. ஆப்பை நீக்கினாலோ, ஆப்பின் தரவை அழித்தாலோ அவை போய்விடும், திரும்ப வராது. சிக்கல் வந்தால் “அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்” என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்வார். அப்படிச் செய்யும் முன் மேற்பார்வையாளரைக் கூப்பிட வேண்டும் என்பதை விதியாக வையுங்கள்.

களத்துக்கு அனுப்பும் முன் ஐந்தாறு பேரை வைத்து ஒரு நாள் ஒத்திகை பாருங்கள். அதுவும் அறைக்குள் அல்ல, வெயிலில். திரையில் எழுத்து தெரிகிறதா என்பது அங்கேதான் புரியும்.

அமர்வு நாளில்

அமர்வுப் படிவத்தில் தலைப்பு, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடக்குறிப்பு, செயல்விளக்கம் காட்டப்பட்டதா, எத்தனை பேர் தங்கள் கையால் செய்து பார்த்தார்கள் என்பவை வர வேண்டும். கடைசிக் கேள்வியை விடாதீர்கள். 30 பேர் சுற்றி நின்று பார்த்ததும், அதில் 10 பேர் நாற்றைக் கையில் பிடித்து நட்டுப் பார்த்ததும் வேறு வேறு.

வருகையை அமர்வின் நடுப்பகுதியில் எடுங்கள். தொடக்கத்தில் எடுத்தால் தாமதமாக வருபவர்கள் விடுபடுவார்கள். முடிவில் எடுத்தால் கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் வந்தவர்களும் சேர்ந்துவிடுவார்கள். ஒருவர் ஸ்கேன் செய்ய 10 முதல் 15 விநாடி. 30 பேருக்கு ஐந்து முதல் எட்டு நிமிடம் ஆகும். பாடம் நடத்துபவரே இதையும் செய்தால் கூட்டம் கலைந்துவிடும். ஓர் உதவியாளரோ, உழவர்களில் ஒருவரோ செய்யட்டும்.

தொடர் பயிற்சிகளில் மொத்த வருகை எண்ணிக்கை ஏமாற்றும். உலக உணவு வேளாண் அமைப்பு 1989-இல் இந்தோனேசியாவில் நெல்லுக்குத் தொடங்கிய வயல்வெளிப் பள்ளி முறையில் 25 பேர் அளவிலான ஒரு குழு பயிர்ப் பருவம் முழுக்க வாரந்தோறும் கூடும். இப்படிப்பட்ட பயிற்சியில் வாரத்துக்கு 25 பேர் வந்தார்கள் என்ற எண் சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வாரமும் வேறு வேறு 25 பேராக இருந்தால் யாருமே முழுப் பாடத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள். அடையாள எண் இருந்தால் எக்செல்லில் தரவைத் தொகுத்துக் காட்டும் ஒரே பிவட் அட்டவணையில் இது தெரிந்துவிடும்: வரிசையில் உழவர்கள், நெடுக்கில் வாரங்கள். எந்த வாரத்தில் ஆள் குறைகிறது என்று பாருங்கள். களை எடுப்பு வாரத்தில் பெண்கள் குறைந்தால் பாடத்தில் குறையில்லை, நேரத்தில்தான் குறை.

அறிவுச் சோதனை

8 முதல் 10 கேள்வி, முன்னும் பின்னும் அதே கேள்விகள், வரிசையை மட்டும் மாற்றி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருப்பார்கள் என்பதால் படம் காட்டிக் கேளுங்கள்: இந்த இலையில் இருப்பது பூச்சித் தாக்குதலா, சத்துக் குறைபாடா? இதில் எது நன்மை செய்யும் பூச்சி? “தெரியாது” என்ற பதில் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்று தேர்வுள்ள கேள்வியில் குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு பங்கு சரியாக வரும்.

முன்சோதனையில் பத்துக்கு ஒன்பது பேர் சரியாகச் சொல்லும் கேள்வியை அடுத்த அணியிலிருந்து எடுத்துவிடுங்கள், அந்தப் பாடத்தையும் குறையுங்கள். பின்சோதனைக்குப் பிறகும் பாதிப் பேருக்கு மேல் தவறும் கேள்வி இருந்தால், உழவரைக் குறை சொல்லும் முன் அந்தப் பாடத்தை நடத்தியவர்களுக்கு அதே கேள்வியைக் கொடுத்துப் பாருங்கள்.

வயல் பார்வை: எதை எப்போது கண்ணால் பார்க்க முடியும்

“சொன்னபடி செய்தீர்களா?” என்று கேட்டால் பெரும்பாலோர் “ஆம்” என்பார்கள். அதனால் பார்க்கவோ அளக்கவோ முடிந்ததைக் கேட்காதீர்கள், பாருங்கள். ஒவ்வொரு நுட்பத்துக்கும் பார்க்கக்கூடிய காலம் ஒன்று உண்டு. விதை நேர்த்தியை விதைத்த பிறகு யாரும் பார்க்க முடியாது; வாங்கிய மருந்தின் பாக்கெட்டையோ, செய்த முறையை அவர் வாயால் விவரிப்பதையோதான் சான்றாகக் கொள்ள வேண்டும். நாற்றின் வயது நட்ட அன்று மட்டும் தெரியும். பயிர் இடைவெளி அறுவடைவரை தெரியும். பூச்சிகளை மணத்தால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி தொங்குகிறது என்பதை மட்டும் வைத்துப் பதிவு செய்யாதீர்கள். உள்ளே கவர்ச்சிப் பொருள் இருக்கிறதா, எப்போது மாற்றினார் என்று பாருங்கள். வெறும் பொறி பல வயல்களில் தொங்கும். இந்தக் காலக் கணக்கை முதலில் எழுதிவிட்டு, அதன்படிதான் பார்வை நாட்களைக் குறிக்க வேண்டும். திட்ட அலுவலகத்தின் காலாண்டு அறிக்கை நாளைப் பார்த்துக் குறித்தால், வயலில் அறுத்த தாள்தான் நிற்கும்.

நெல் இடைவெளியை எடுத்துக்கொள்வோம். திருந்திய நெல் சாகுபடியில் 25 செ.மீ.க்கு 25 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 16 குத்து (நாற்று நட்ட புள்ளி) இருக்க வேண்டும். 1 மீட்டர் சட்டத்தை வைத்து எண்ணும்போது ஒரு பொறி உண்டு: சட்டத்தின் மூலை சரியாக ஒரு குத்தின் மேல் விழுந்தால், விளிம்பில் உள்ளவற்றையும் சேர்த்து 25 எண்ணிவிடலாம். 20-க்கு 20 இடைவெளியிலும் சதுர மீட்டருக்கு 25 குத்துதான். ஆக, சரியாக நட்டவர் தவறாக நட்டவராகப் பதிவாவார். இதற்கு விதி: மேல் விளிம்பிலும் இடது விளிம்பிலும் படுவதைச் சேருங்கள், மற்ற இரண்டு விளிம்பில் படுவதை விடுங்கள். இதைவிட எளிய வழி, ஒரே வரிசையில் முதல் குத்திலிருந்து 11-ஆவது குத்துவரை டேப்பால் அளந்து 10-ஆல் வகுப்பது. 250 செ.மீ. வந்தால் இடைவெளி 25. வரப்பிலிருந்து 2 மீட்டர் உள்ளே தள்ளி, மூன்று இடத்தில் அளந்து, மூன்று எண்ணையும் படிவத்தில் போடுங்கள். சராசரியைப் படிவமே கணக்கிடட்டும்.

பரப்பை ஆப்பில் சுற்றி நடந்து அளப்பது பெரிய வயலுக்குச் சரி. 0.1 ஹெக்டேருக்குக் குறைவான துண்டுகளில் ஒவ்வொரு மூலையிலும் 4, 5 மீட்டர் பிசகினாலே கணக்கு அர்த்தமற்றுப் போகும். அங்கே டேப்தான்.

எல்லோர் வயலுக்கும் போக முடியாது, போகவும் வேண்டாம். பயிற்சி பெற்றவர்கள் 300 பேர் என்றால், எத்தனை விழுக்காட்டினர் செய்தார்கள் என்பதை 95 விழுக்காடு நம்பிக்கையோடு 10 விழுக்காடு கூடக்குறைய அளவில் சொல்ல 73 பேர் போதும். சில ஊர்களை மட்டும் பொறுக்கி அங்கே மொத்தமாகப் பார்த்தால் அந்த எண்ணை ஒன்றரை அல்லது இரண்டு மடங்காக்க வேண்டும், ஏனென்றால் ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்வார்கள். பட்டியலிலிருந்து எக்செல்லின் சமவாய்ப்பு எண் கொண்டு தேர்ந்தெடுங்கள். பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் சாலையோர வயலும் நண்பர் வயலும்தான் வரும்.

ஒவ்வொரு பயிற்சியாளரின் பகுதியும் தேறியதா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதுமானால், பகுதிக்கு 19 பேர் என்ற முறை கைகொடுக்கும். இலக்கு 80 விழுக்காடு என்றால் 19 பேரில் 13 பேரோ அதற்கு மேலோ செய்திருந்தால் அந்தப் பகுதி தேறியது. 12 அல்லது குறைந்தால் கவனம் தேவை. 80 விழுக்காடு செய்யும் பகுதியையும் 50 விழுக்காடு மட்டும் செய்யும் பகுதியையும் இது பத்துக்கு ஒன்பது தடவைக்கு மேல் சரியாகப் பிரித்துவிடும். 60, 65 என்று நடுவில் நிற்கும் பகுதிகளில் இரண்டு பக்கமும் விழலாம். “இந்தப் பகுதியில் 68 விழுக்காடு” என்று சொல்ல இந்த 19-ஐப் பயன்படுத்தக் கூடாது.

மகசூலை அளப்பதானால் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம். கயிறு கட்டியபின் மூலைவிட்டம் இரண்டும் 7.07 மீட்டர் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் சதுரம் கோணலாக இருக்கிறது. வயலுக்குள் எத்தனை காலடி தள்ளிச் சதுரம் போடுவது என்பதைப் படிவம் தரும் சமவாய்ப்பு எண்ணால் முடிவு செய்து, அந்த இடத்தை ஜிபிஎஸ்ஸால் குறியுங்கள். கண் எப்போதும் செழிப்பான மூலைக்கே போகும். எடையோடு ஈரப்பதத்தையும் அளக்க வேண்டும். 20 விழுக்காடு ஈரத்தில் 12 கிலோ நெல் கிடைத்தால், 14 விழுக்காடு ஈரத்துக்கு மாற்ற 12-ஐ 80-ஆல் பெருக்கி 86-ஆல் வகுக்க வேண்டும்: 11.16 கிலோ. 25 சதுர மீட்டர் ஹெக்டேரில் 400-இல் ஒரு பங்கு என்பதால் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 4,465 கிலோ. ஈரத்தை விட்டுவிட்டால் 4,800 என்று வரும். பயிற்சியின் பலன் என்று பலர் காட்டும் உயர்வே இந்த 335 கிலோ அளவில்தான் இருக்கும்.

மகசூல் கூடியது பயிற்சியால்தான் என்று சொல்வதற்கு, பயிற்சிக்கு வராத பக்கத்து உழவர்களின் வயலிலும் அதே பருவத்தில் அறுத்துப் பார்த்திருக்க வேண்டும். போன வருடத்தோடு ஒப்பிட்டால் மழையைத்தான் அளக்கிறீர்கள்.

உட்கார்ந்த இடத்தில் நிரப்பிய படிவங்கள்

இது நடக்கும். அறிகுறிகள் தெளிவானவை. 25 கேள்வி கொண்ட வயல் பார்வை இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். வெவ்வேறு உழவர்களின் வயல்கள் எல்லாம் 10 மீட்டருக்குள் இருக்கும். இடக்குறிப்பில் நான்காவது தசம இலக்கம் சுமார் 11 மீட்டர், ஐந்தாவது சுமார் 1 மீட்டர். நான்கு இலக்கத்துக்குச் சுருக்கி ஒன்றுபோல வருபவற்றை எண்ணினாலே தெரியும். இரவு 10 மணிக்கு வயல் பார்வை தொடங்கியிருக்கும். மாத முடிவில் ஒரே நாளில் 40 படிவம் வந்திருக்கும், அதில் தவறாமல் கவனிக்க வேண்டியது அனுப்பிய நாளை அல்ல, நிரப்பத் தொடங்கிய நேரத்தை. சிக்னல் இல்லாத ஊர்க்காரர் மொத்தமாக அனுப்புவது இயல்பு. ஒரே படம் இரண்டு பேருக்குப் போயிருக்கிறதா என்பதை எம்டி5 போன்ற கோப்புக் கைரேகையை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம்.

பத்தில் ஒரு படிவத்தை வேறொருவர் தொலைபேசியில் சரிபார்க்கட்டும். மாறாத விஷயங்களை மட்டும் கேளுங்கள்: யாராவது வயலுக்கு வந்தார்களா, எந்த வாரம், டேப் வைத்து அளந்தார்களா.

போலி நிரப்பலுக்குக் காரணம் ஆளின் குணம் என்று எடுத்துக்கொள்வது அவசரம். ஒருவருக்கு ஒரு நாளில் எட்டு வயல் என்று இலக்கு கொடுத்து, நான்குக்கு மட்டுமே போகும் தூரத்தில் வயல்கள் இருந்தால் மற்ற நான்கும் திண்ணையில்தான் நிரம்பும். பயிற்சியாளரின் ஊக்கத்தொகை எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருந்தாலும் இதே கதைதான். நடத்துபவர் வேறு, அளப்பவர் வேறாக இருப்பது நல்லது. ஆள் இல்லையென்றால் பக்கத்துப் பகுதிப் பயிற்சியாளர்கள் மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

தொலைபேசி வழித் தொடர்பு

இரண்டு பார்வைகளுக்கு நடுவே குறுஞ்செய்தியும் பதிவுக் குரல் அழைப்பும் உதவும். தமிழில் குறுஞ்செய்தி அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழ் யூனிகோடில் 70 குறியீடு மட்டும். புள்ளியும் கொம்பும் தனிக் குறியீடாக எண்ணப்படும். “பயிற்சி” என்ற நான்கெழுத்துச் சொல்லுக்கு 7 குறியீடு ஆகிறது. 70-ஐத் தாண்டினால் செய்தி 67 குறியீடு கொண்ட துண்டுகளாக உடையும், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். அதனால் “வியாழன் காலை 7, பள்ளி மைதானம். நாற்று எடுக்கும் பயிற்சி” என்ற அளவோடு நிறுத்துங்கள்.

குரல் அழைப்பில் ஐந்து கேள்விக்கு மேல் போகாதீர்கள். பொத்தான் அழுத்திச் சொல்லும் பதிலில் 1 என்பதை எப்போதும் “ஆம்” ஆக வைக்காதீர்கள். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 1 அழுத்துபவர்களைப் பிரிக்க முடியாமல் போகும். எடுத்தவர் பதிவு செய்த உழவர்தானா என்பதே முதல் கேள்வி. பெண் உழவர்களின் எண்ணாகப் பதிவானது பெரும்பாலும் வீட்டு ஆணின் கையில் இருக்கும். குரல் அழைப்பை மட்டும் நம்பினால் அவர்கள் மெல்ல மெல்லத் தரவிலிருந்து மறைவார்கள்.

வந்த தரவை வைத்து என்ன செய்வது

சர்வரிலிருந்து சிஎஸ்வி இறக்கி நேரடியாக எக்செல்லில் திறந்தால் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரியலாம். டேட்டா பகுதியில் உள்ள இறக்குமதி வழியாகப் போய் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள், அடையாள எண் நெடுக்கையை எழுத்து வகையாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் 02045-08 போன்ற எண்களில் நடுக்கோடு போடாமல் சேமித்திருந்தால் முன்னிருக்கும் சுழியத்தை எக்செல் விழுங்கிவிடும், இரண்டு கோப்பு இணையாது. நாளை வருடம்-மாதம்-நாள் வரிசையிலேயே வைத்திருங்கள்.

முக்கிய எண்களை ஒரே திரையில் காட்டும் டாஷ்போர்டு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் ஐந்து எண்: நடந்த அமர்வு, முக்கால்வாசிக்கு மேல் வந்த உழவர்கள், பின்சோதனையில் அதிகம் தவறிய கேள்வி, வயலில் செய்தவர்கள், அனுப்பப்படாமல் நிற்கும் படிவம். இதை வாரம் ஒரு நாள் அதே பயிற்சியாளரிடம் ஒரு படமாக அனுப்பி, பத்து நிமிடம் பேசுங்கள். மேலே மட்டும் போகும் தரவு மூன்றாவது மாதத்தில் அழுகத் தொடங்கும். நிரப்புபவருக்கு அதனால் ஒன்றும் திரும்பி வராதபோது அவர் ஏன் மெனக்கெட வேண்டும்? உழவர் குழுவுக்கும் அவர்கள் ஊர் எண்ணைக் காட்டுங்கள். “அளந்ததில் 20 பேரில் 14 பேர் 25 செ.மீ. விட்டிருக்கிறீர்கள், 6 பேர் 18-லேயே நிற்கிறீர்கள்” என்று சொன்னால், ஏன் நிற்கிறோம் என்பதை அந்த ஆறு பேரே சொல்வார்கள். நடவு ஆள் கூலியைப் பரப்புக்குப் பேசியிருப்பார்கள், கயிறு பிடித்து நட நேரம் போதாது. இது எந்தப் படிவத்திலும் வராத பதில். அடுத்த பயிற்சிக்கு நடவு ஆட்களையும் அழைக்க வேண்டும் என்பது இதிலிருந்துதான் தெரியும்.

இசைவும் பாதுகாப்பும்

பதிவுப் படிவத்தின் முதல் கேள்வி இசைவு. எதற்காக எடுக்கிறோம், யார் பார்ப்பார்கள், மறுத்தாலும் பயிற்சிக்கு வரலாம் என்று மூன்று வரியில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். “இல்லை” என்றால் படிவம் அங்கேயே முடிந்துவிட வேண்டும். அரசு அடையாள எண், வங்கிக் கணக்கு எண் இரண்டும் கண்காணிப்புக்குத் தேவையில்லை, கேட்காதீர்கள். வெளியே பகிரும் வரைபடங்களில் வயலின் துல்லிய இடத்தைக் காட்டாமல் ஊர் அளவில் திரட்டிக் காட்டுங்கள். மூன்று தசமத்துக்குச் சுருக்கினாலும் சுமார் 110 மீட்டருக்குள் வயல் தெரிந்துவிடும். களக் கைப்பேசிகளுக்குத் திரைப்பூட்டு கட்டாயம். அனுப்பி முடித்த படிவங்கள் கைப்பேசியிலிருந்து தானே அழியும்படி அமைத்துவிடுங்கள். களப்பணியாளர் ஒருவர் வேலையை விட்டுப் போனால் அன்றே அவர் சர்வர் கணக்கை நிறுத்துங்கள். அதற்கு முன் ஒரு விஷயம்: அவர் கைப்பேசியில் அனுப்பாத படிவம் எதுவும் இல்லை என்று திரையைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.